நம்ம பக்கத்து ஊர் பிரெஞ்சுக் குடிமக்கள்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பஸ் ஏறினால் புதுச்சேரி. அங்கே சிவப்புத் தொப்பி போலீசை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் அங்கே வாழும் தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் பேசுவது தமிழ். ஓட்டுப் போடுவது பிரான்ஸ் தேர்தலில்! இது எப்படி வந்தது?

1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர். துறந்தவர் என்று அர்த்தம். புதுக் குடும்பப் பெயரும் வச்சிக்கிட்டாங்க. அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சமப் பங்கு. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989-இல்தான் சட்டமானது!

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் முக்கியம்.

1. குடியுரிமை: அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும்.

2. மொழி: மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சுதான் ஆட்சிமொழி.

1965-இல் அங்கே புது ஆட்சிமொழிச் சட்டம் வந்து, தமிழ் அலுவலக மொழியாச்சு. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஆனால் ரெனோன்சான்களின் குடும்பச் சட்டத்தை யாரும் தொடவில்லை. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதே, அது இவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள்.

கனடாவில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுபவர்கள் சிறுபான்மை. 1969-இல் அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழி ஆனது. பிரெஞ்சுப் பள்ளிகளை அந்த மக்களே தேர்ந்தெடுத்த குழு கவனிக்குது. புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி பிரான்ஸ் அரசின் நிர்வாகத்தில் இருக்கு. வித்தியாசம் புரியுதா? மொழி இருப்பது வேறு, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நம்ம கையில் இருப்பது வேறு. அதற்குப் பெயர்தான் தன்னாட்சி.

நம்ம கடற்கரைக் குப்பங்களிலும் வலை, படகு, திருவிழா எல்லாவற்றுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துதான் முடிவு சொல்லும். அதுவும் தன்னாட்சிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள். மீன் விற்று வீட்டை நடத்தும் அம்மாக்கள் வெளியே நிற்கிறார்கள். ஊருக்கு உரிமை வேணும்னு கேட்கிறோம், சரிதான். ஊருக்குள்ளே இருக்கிற எல்லாருக்கும் அது வேணும் இல்லையா? யோசிச்சுப் பாருங்க!



– 9-ஆம் வகுப்பு மாணவி