கண்டிப்பு ஒரு கணக்கு, பாசம் வேறு கணக்கு

"அப்பா கண்டிப்பு, அம்மா செல்லம்" என்று பல வீடுகளில் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். கண்டிப்பு கூடினால் பாசம் குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். பிள்ளை வளர்ப்பை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தார். தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்து, மற்றவர்களோடு ஒட்டிப் பழகிய குழந்தைகளின் பெற்றோர் கண்டிப்பானவர்கள். பாசத்திலும் குறை வைக்காதவர்கள். அதட்டல் மட்டுமே இருந்த வீட்டுப் பிள்ளைகள் பிறரை நம்பாமல் ஒதுங்கினார்கள். எதற்கும் தடை சொல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் குறைவு. 1983இல் உளவியலாளர்கள் எலினோர் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் கண்டிப்பையும் அரவணைப்பையும் தனித்தனி அளவுகோல்களாகப் பிரித்து, இரண்டுமே இல்லாத வீடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மிகவும் தடுமாறுவது அந்த வீடுகளில்தான்.

அரவணைப்பு என்றால் செய்வதையெல்லாம் பொறுத்துப்போவது என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வயது அக்கா பொம்மைக்காகத் தம்பியை அடித்துவிடுகிறாள். "உனக்குக் கோபம், தெரியுது. ஆனா அடிக்கக் கூடாது. பாரு, அவனுக்கு வலிக்குது" என்கிறாள் அம்மா. கோபத்துக்கு இடம் கொடுத்தாயிற்று, அடிக்குக் கொடுக்கவில்லை. இதில் கடைசி வாக்கியம்தான் பெரிய வேலை செய்கிறது. மற்றவரின் வலியைச் சுட்டிக்காட்டி விளக்கும்போது பிறருக்காக இரங்கும் மனம் வளர்கிறது என்று உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே அக்காவுக்கும் முதுகில் ஒன்று விழுந்திருந்தால் அவள் கவனமெல்லாம் தன் முதுகில்தான் இருக்கும். தம்பி அழுவது காதில் விழாது. அடிக்கக் கூடாது என்பதை அடித்துச் சொல்லிக்கொடுக்கும் வினோதத்தையும் அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவாள்.

"நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்பார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் உளவியலாளர் ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்ட் குழுவினர் அடியின் விளைவை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். அடிப்பது ஊர் வழக்கமாக இருக்கும் இடங்களில் அதன் பாதிப்பு சற்றுக் குறைந்து தெரிந்தது. அங்கும் அதிகம் அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் அதிகம்.

எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில் போடவும் முடியாது. பிள்ளையின் இயல்பும் பெற்றோரை மாற்றுகிறது. அடம் பிடிக்கும் பிள்ளையிடம் குரல் தானாகவே உயர்கிறது. உயர்ந்த குரலைக் கேட்டு அடம் கூடுகிறது. அந்தச் சுழலை முதலில் நிறுத்த வேண்டியவர் பெரியவர். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தத் திறன் இன்னும் முழுமையாக வரவில்லை.