பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது எப்படி?

மாணவர்களே, நிலத்துக்கு அடியில் உள்ள பாறை சும்மா கிடப்பதாக நினைக்கிறீர்களா? இல்லை. அது எந்நேரமும் நசுக்கப்பட்டுக் கொண்டே இருக்கிறது. ஆழம் கூடக்கூட அந்த நெருக்குதலும் கூடும். இதைத் ‘தகைவு’ என்பார்கள்.

பகாங்கில் உள்ள செமந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூரின் உலு லங்காட்டுக்குக் கொண்டுவரும் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 44.6 கிலோமீட்டர். தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் மிக ஆழமான இடத்தில், அதன் கூரைக்கு மேல் 1,246 மீட்டர் உயரத்துக்குப் பாறை நிற்கிறது. ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை சுமார் 2.7 டன். பெருக்கிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறக்குறைய 3,360 டன் சுமக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மைவி கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்குச் சமம்!

அந்த இடத்தில் துளை போட்டால் என்ன ஆகும்? வெட்டி எடுத்த பாறை தாங்கிய சுமை எங்கும் போய்விடாது. சுற்றியுள்ள சுவருக்கு மாறிவிடும். ஒரு தகட்டை ஒரே திசையில் இழுத்தால், அதிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு வரை உயரும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் கணக்கிட்டுக் காட்டினார். சுவர் தாங்காவிட்டால், பாறைத் துண்டுகள் பெரும் ஓசையுடன் வெடித்துச் சிதறும். பகாங் சுரங்கப்பாதையின் ஆழமான பகுதியிலும் இது நடந்தது. உள்ளே வேலை செய்பவர்களுக்கு இது உயிர் ஆபத்து.

ஆகவே, அழுத்தத்தை முன்கூட்டியே அறிய வேண்டும். ஆனால், அதை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். முதலில் பாறையில் சுமார் 38 மில்லிமீட்டர் அகலத் துளை போடுகிறார்கள். அதனுள் நுண்ணிய உணர்கருவியை ஒட்டுகிறார்கள். பிறகு, அதைச் சுற்றிப் பெரிய வளையமாகத் துளைத்து, உள்ளே உள்ள கல் உருளையைத் தாய்ப்பாறையிலிருந்து விடுவிக்கிறார்கள்.

நெரிசலான ரயிலில் நசுங்கிய உங்கள் புத்தகப்பை, வெளியே வந்ததும் உப்புகிறது அல்லவா? அதுபோலவே விடுபட்ட கல்லும் சற்று விரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விரிவை உணர்கருவி பதிவு செய்யும். அடுத்து, அக்கல் எவ்வளவு விறைப்பானது என்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். விரிவும் விறைப்பும் தெரிந்தால் போதும்; பாறையை அழுத்திய விசையைக் கணக்கிட்டுவிடலாம்.

மேலே உள்ள பாறையின் எடையை வைத்தே கணக்கிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 1950களில் சுவீடனின் நில்ஸ் ஹாஸ்ட் பல சுரங்கங்களில் அளந்தபோது, பக்கவாட்டில் வரும் அழுத்தம் மேலிருந்து வருவதைவிட அதிகமாக இருந்தது. எடையை மட்டும் கணக்கிட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

திசை தெரிந்தால் திட்டமிடலாம். பெரிய குகைகளின் நீளவாட்டத்தை, இயன்றவரை, பக்கவாட்டு அழுத்தம் அதிகமாக உள்ள திசையை ஒட்டியே அமைப்பார்கள். அப்போது நெடுஞ்சுவர்களின் மீது குறைந்த அழுத்தமே விழும். எங்கே இரும்புத் தண்டுகளைப் பாறைக்குள் செலுத்தி இறுக்குவது, எங்கே கான்கிரீட்டைப் பீய்ச்சிப் பூசுவது என்பதையும் முன்பே முடிவு செய்யலாம்.

இப்போது ஒரு கேள்வி: 500 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பாறை எத்தனை டன் சுமக்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.