கிளை பிரியும் உரிமையும் எழுத்தின் பொதுமையும்

திறமூல மென்பொருள் என்பது மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் மறுபடி வெளியிடவும் எவருக்கும் உரிமை அளிக்கும் மென்பொருளாகும். அதில் எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதை விலக்குவது என்னும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்க வேண்டுமா, பங்களிப்போர் அனைவரிடமும் இருக்க வேண்டுமா என்ற வழக்கு நெடுநாளாகத் தீரவில்லை. கணினித் தமிழின் வரலாற்றில் பங்குகொண்ட மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கும் இது அயலார் வழக்கன்று.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலில் இறுதிச் சொல் இன்றும் அவருடையதே. 1993-இல் தோன்றிய டெபியன் இயங்குதளமோ, 1998-இல் தனக்கென ஒரு யாப்பை ஏற்று, ஆண்டுதோறும் வாக்கெடுப்பின் மூலம் தலைவரைத் தேர்கிறது. பைத்தான் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ரோசம், முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு சிறு குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றி மூண்ட கடும் விவாதத்தால் சலித்து 2018 ஜூலையில் தலைமையைத் துறந்தார். அவ்விடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு அமர்ந்தது. இவ்வளவு வேறுபட்ட ஆட்சிமுறைகளையும் தாங்கிநிற்பது ஒரே உரிமைதான்: தலைமை பிடிக்காதவர் மூலநிரலைப் படியெடுத்துக்கொண்டு தனிவழி போகலாம் என்னும் கிளை பிரியும் உரிமை. 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது அவ்வாறுதான். வெளியேறும் வாசல் திறந்திருக்கும் வரை தனியொருவரின் வலுவான தலைமை கொடுங்கோலாக மாறுவது கடினம்.

ஆனால் கிளை பிரிவதே நோயாகிவிடும் இடம் ஒன்று உண்டு; அது எழுத்துக் குறியாக்கம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண்ணை ஒதுக்கும் ஏற்பாடு. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்வரிசை வைத்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் தட்டச்சு செய்த அழைப்பிதழை வேறு எழுத்துரு உள்ள கிள்ளான் கணினியில் திறந்தால், திரையில் தோன்றுவது கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே.

இந்நிலையில் மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிவந்த முரசு என்னும் தமிழ் மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்யும் வசதியைப் பரவலாக்கியது. ஒருவரின் கண்ணும் கையும் தொடர்ந்து பட்டதனால் வந்த செம்மை அது. குழு கூடி அத்தகைய கருவியைச் செதுக்கியிருக்க முடியுமா என்பது ஐயமே. எனினும் எண்வரிசையை ஒருவரே விதித்துவிட முடியவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்து மணி மணிவண்ணனும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனும், இன்னும் பலரும் மின்னஞ்சலில் வாதிட்டு வடித்ததே திஸ்கி குறியாக்கம். அதில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவானது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தமிழக அரசு டேம், டேப் என்னும் வேறு தரங்களை முன்வைத்தபோதும், வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கியை விடவில்லை. பயன்படுத்துவோர் இசையாத இடத்தில் அரசாணையும் ஓரளவே செல்லும். இப்பிளவை ஆற்றும் முயற்சியாகவே 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடியது.

முடிவில் நிலைத்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. அதில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக்குறியும் மட்டுமே. இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி 1991-இல் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டபோது உலகத் தமிழரின் குரல் கேட்கப்படவில்லை என்னும் மனக்குறை நியாயமானது. ஒருமுறை ஒதுக்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் விதியாதலால், காலம் கடந்து எழுந்த குரலால் சேர்க்க முடிந்ததே தவிர மாற்ற முடியவில்லை. தமிழ்ச் சுழியத்துக்கு 2005-இல்தான் இடம் கிடைத்தது.

அஞ்சல் என்னும் அந்த ஒலிப்பு விசைமுறையோ முரசோடு நின்றுவிடவில்லை. தன்னார்வலர்களின் எ-கலப்பை அதை ஏற்றுப் பல்லாயிரம் கணினிகளுக்குக் கொண்டுசென்றது. ஒருங்குறிக்கு முந்தைய கோயில் மலர்களும் சங்க ஆண்டறிக்கைகளும் இன்னும் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தவை என்று தெரிந்தவற்றைக் குறியாக்க மாற்றிகள் நொடியில் ஒருங்குறிக்குக் கொணர்கின்றன, பெயர் தொலைந்தவற்றை அச்சுப் படியைப் பார்த்து யாராவது எழுத்தெழுத்தாக மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.