பனிக்கட்டிச் சாலையும் மீன் விலையும்

வெப்ப நாடுகளிற் பனிக்கட்டி முதலிற் செல்வரின் நுகர்பொருளாகவே வந்தது. 1833இல் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 180 தொன் ஏரிப் பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 தொன் கரையேறிற்று. அவ்வாணிபத்தை நடத்திய ரியூடர், 1842இல் சென்னைக் கடற்கரையிற் கட்டிய சேமிப்பகம், யந்திரப் பனிக்கட்டி பரவியதும் பயனிழந்தது. (1897இல் விவேகானந்தர் தங்கியது அக்கட்டடத்திலேயே.)

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பனிக்கட்டி மீனோடு பிணைந்தது. ஐஸ் தொழிற்சாலையில், அமோனியாவாற் குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியினுள் இறக்கப்படும் தகரக் கலங்களிலுள்ள நன்னீர் பாளமாக உறைகிறது. வெப்பம் புகாத அறையில் அது அடுக்கப்படுகிறது. நன்னீரும் மின்சாரமுமின்றி இது நடவாது. பனிக்கட்டியற்ற கரையில் மீனை அன்றே விற்கவேண்டும், அன்றேற் கருவாடாக்கவேண்டும். எனவே விலையைத் தீர்மானிப்பவன் கடலுக்குச் சென்றவனல்லன். பனிக்கட்டியும் வாகனமும் உடைய வியாபாரியே. 1967இல் நோர்வே உதவியுடன் காரைநகரில் உருவான சீநோர், படகு கட்டுதலோடு மீன் பதனிடலையும் மேற்கொண்டமையை இந்த உறவை மாற்ற முனைந்த முயற்சியாகவே கருதவேண்டும்.

1990இற் போரினாற் குடாநாட்டுக்கான மின்வழங்கல் அறுந்தது. பனிக்கட்டி உற்பத்தி மின்பிறப்பாக்கியை நம்பியதாயிற்று. எரிபொருளுக்கோ பொருளாதாரத் தடை.