சூரியன் வரை எத்தனை கிலோ நூல்?

சூரியனிலிருந்து பூமி சராசரியாக 14,95,97,870 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. பேச்சில் பதினைந்து கோடி என்று முடித்துவிடலாம். ஆங்கிலப் புத்தகத்திலோ அதே எண் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிந்து 150 மில்லியன் ஆகிவிடும். லட்சத்துக்கும் கோடிக்கும் பழகிய கண் இந்த இடத்தில் தடுமாறும். ஒரு பூஜ்யம் கூடிப்போகும், அல்லது காணாமல் போகும். 1.496 × 10⁸ என்று எழுதினால் காற்புள்ளித் தகராறே இல்லை.

இதுதான் அறிவியல் குறியீடு. முதல் பகுதி 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் புள்ளியை வலப்பக்கம் எத்தனை இடம் நகர்த்தினால் முழு எண் கிடைக்கும் என்பதைப் பத்தின் அடுக்கு சொல்கிறது. லட்சம் 10⁵, கோடி 10⁷. கைபேசிக் கால்குலேட்டரில் பெரிய பெருக்கலின் விடைக்கு நடுவே திடீரென்று முளைக்கும் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் இந்த அடுக்கைத்தான் குறிக்கிறது, கருவி பழுதாகிவிடவில்லை.

எழுதும்போது மிச்சமாகும் இடத்தைவிடக் கணக்கில் மிச்சமாகும் உழைப்புதான் பெரிது. அதற்கு அனகாபுத்தூர்த் தறியின் நூலே போதும். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை நெய்த ஊர் அது. பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு ராத்தல் (பவுண்டு) எடையில் எத்தனை சிட்டம் நூல் இருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிட்டம் 840 கஜம். எனவே 60-ஆம் நம்பர் நூல் ராத்தலுக்கு 50,400 கஜம் நீளும். கிலோவுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அதாவது 10⁵ மீட்டர்.

நிலா 3.84 × 10⁵ கிலோமீட்டர் தூரம். மீட்டராக்க அடுக்கில் 3 கூட்டினால் 3.84 × 10⁸. ஒரு கிலோ நூலின் நீளமான 10⁵-ஆல் வகுக்க, அடுக்கில் 5 கழித்தால் போதும்: 3.84 × 10³ கிலோ. நிலாவரை நீளும் நூல் ஒரு லாரியில் ஏறிவிடும். சூரியனுக்கு 1.5 × 10⁶ கிலோ, அதாவது 1,500 டன். நெப்டியூன் சூரியனிலிருந்து 4.5 × 10⁹ கிலோமீட்டர். அதற்கு 45,000 டன்.

இரண்டு தூரங்களை ஒப்பிடவும் அடுக்கு உதவும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த விண்கலம். ‘சூரியனை நோக்கி’ என்ற தலைப்புகளைப் படித்தவர்கள் அது சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்றே நினைத்திருப்பார்கள். அது நின்று சூரியனைப் பார்க்கும் இடம் பூமியிலிருந்து 1.5 × 10⁶ கிலோமீட்டர், சூரியனோ 1.5 × 10⁸. முன்பகுதி இரண்டிலும் ஒன்றே, அடுக்கில் வித்தியாசம் 2. ஆகவே கலம் போனது நூறில் ஒரு பங்கு தூரம்தான்.

அடுக்கை மட்டும் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. சூரியனிலிருந்து புதன் 5.79 × 10⁷ கிலோமீட்டர், வெள்ளி 1.08 × 10⁸. அடுக்கு ஒன்று ஏறியதால் வெள்ளி பத்து மடங்கு தூரம் ஆகிவிடாது. இரண்டு மடங்குகூட இல்லை. வியாழன் 7.78 × 10⁸, சனி 1.43 × 10⁹ என்னும்போதும் இதே கதைதான்.

முன்பகுதியில் எத்தனை இலக்கம் எழுதுவது என்பது துல்லியத்தைப் பொறுத்தது. 1.496 என்பது ஆண்டுச் சராசரி. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால் ஜனவரி தொடக்கத்தில் தொலைவு 1.471 × 10⁸ கிலோமீட்டராகக் குறைந்து, ஜூலை தொடக்கத்தில் 1.521 × 10⁸ ஆகக் கூடுகிறது. தேதி சொல்லாதபோது 1.5 என்று நிறுத்துவதே நேர்மை. இரண்டு தொலைவிலும் அடுக்கு ஒன்றே என்பதால் முன்பகுதிகளை நேரடியாகக் கழிக்கலாம்: 0.050 × 10⁸, அதாவது 5.0 × 10⁶ கிலோமீட்டர். ஜனவரியில் சூரியன்வரை எட்டிய நூல் ஜூலையிலும் எட்ட வேண்டுமானால் இன்னும் 50 டன் வாங்க வேண்டும்.