மாலை மன்றம்

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில், தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மக்கள் இதனைப் 'போடி' என்று சுருக்கி வழங்குவர். ஊருக்கு மேற்கே ஏலமலைத் தொடர் ஓங்கி நிற்கிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதை 17 கொண்டையூசி வளைவுகளை உடையது. மெட்டைக் கடந்தால் கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டம். அங்கே பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு முதலிய ஊர்களைச் சூழ்ந்து ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு விளையும் காய் போடிக்கு வந்து விலைபோகிறது. ஏலம் என்னும் ஒரு சொல்லே இவ்வூரில் பண்டத்தையும் குறிக்கும். அப்பண்டத்தை விற்கும் முறையையும் குறிக்கும்.

ஏலச்செடி பெருமரங்களின் நிழலில் வளர்வது. அதன் காய்கள் தூரடியிலிருந்து தரையை ஒட்டிப் படரும் சரங்களிலே தோன்றுகின்றன. ஆதலின் காய் பறிப்போர் குனிந்தும் குந்தியும் செடிக்குச் செடி நகர்ந்து, பக்குவமான காயை மட்டும் தேர்ந்து பறித்தல் வேண்டும். ஒரு செடியின் காய்கள் யாவும் ஒருங்கே முற்றுவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வருதல் வேண்டும். பறித்த பச்சைக்காய் உலர்த்தும் அறையில் வெம்மை ஊட்டப்பெற்று, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையாகக் குறைகிறது. பின்னர் அதனைச் சலித்துப் பருமனுக்கு ஏற்பத் தரம் பிரிப்பர். பறித்தல், பொறுக்குதல், தரம் பிரித்தல் ஆகிய பணிகளுட் பெரும்பகுதி பெண்களின் கைகளால் நடைபெறுவது.

மலைமேல் வேலை செய்வோர் அனைவரும் மலைமேல் வாழ்வோர் அல்லர். போடி, தேவாரம், கம்பம் முதலிய அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் வண்டிகளில் ஏறிச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புவோர் பலர். அவர்தம் மக்கள் காலையில் தாமே எழுந்து, தாமே புறப்பட்டுப் பள்ளிக்குச் செல்கின்றனர். மாலையில் பள்ளி விடுகிறது. தாயோ இன்னும் வளைவுப் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். பள்ளி மணி ஒலிப்பதற்கும் தாய் வீடு திரும்புவதற்கும் இடைப்பட்ட இப்பொழுதே, மாணவர்களே, இப்பாடத்தின் பொருளாகும்.

சிறு பொழுதுதானே என்று இதனை எளிதாக எண்ணுதல் தகாது. பதின்மூன்று, பதினான்கு வயதுடைய ஒரு சிறுவன் இப்பொழுதை எங்கே, எவரோடு கழிக்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் அடுத்த ஆண்டும் பள்ளிக்கு வருவானா என்பது பெரும்பாலும் அமைகிறது. வீடு பூட்டியிருக்கும், அல்லது ஒற்றை அறையில் தம்பி தங்கையர் சூழ்ந்திருப்பர். படிக்க இடமில்லாதவன் பாடத்திற் பின்தங்குகிறான். பின்தங்கியவன் வகுப்பில் நாணுகிறான். நாணியவன் வாராது நிற்கிறான். பறிப்புக் காலத்தில் கூலி கையருகே காத்திருக்கிறது. பெண்பிள்ளையாயின் வீட்டுப்பொறுப்பு முழுவதும் அவள் தோளில் ஏறிவிடுகிறது. இவ்வாறு படிப்பின் இழை ஒரே நாளில் அறுவதில்லை. மாலை மாலையாகத் தேய்ந்து அறுகிறது.

சட்டம் இவர்களுக்கு ஓரளவு காவலாக நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள சிறார்க்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்தது. 2016-இல் திருத்தப்பெற்ற சட்டம், குடும்பத் தொழிலில் உதவுதல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துதலைத் தடுத்தது. 18 வயது நிறையாதவரை இடர்மிக்க தொழில்களில் அமர்த்துதலையும் தடுத்தது. எனினும், கட்டாயக் கல்வியின் வேலி பதினான்கு வயதோடு முடிந்துவிடுவதைக் காண்க. மிகுந்த துணை வேண்டிய பருவத்திலேயே துணை மெலிகிறது. அக்குறையை நிரப்ப வல்லது ஊரார் நடத்தும் மாலை மன்றம்.

மாலையில் கூடிப் படிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் வீட்டுத் திண்ணைகளையே பள்ளிகளாகக் கொண்டனர். மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணிபுரிந்த ஆண்ட்ரூ பெல் என்பார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் நாடு திரும்பி 1797-இல் நூலெழுதிப் பரப்பினார். அங்கு அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

மேலை நாடுகளிலும் இத்தகைய மன்றங்கள் எழுந்தன. அமெரிக்காவில் ஆர்ட்ஃபோர்டு நகரில் 1860-ஆம் ஆண்டில் பெண்மணிகள் சிலர், தெருவில் திரிந்த சிறுவர்க்கென ஒரு மன்றம் தொடங்கினர். 1884-இல் இலண்டனில் டாயின்பி இல்லம் நிறுவப்பெற்றது. பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழை மக்களின் நடுவே தங்கி, அவர்க்குக் கல்வித் தொண்டு செய்தனர். அதனைக் கண்டுவந்த ஜேன் ஆடம்சு அம்மையார் 1889-இல் சிகாகோ நகரில் அல் இல்லத்தைத் தொடங்கினார். நம் மாநிலத்தில் 2021-ஆம் ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்திற் பள்ளிகள் மூடப்பட்டமையால் நேர்ந்த கல்வி இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் மாலை வேளையில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர்க்கு, அவர்தம் குடியிருப்புகளிலேயே பாடம் சொல்லினர்.

மன்றத்துக்கு நல்லாசிரியர் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். நல்லிடமும் வேண்டும் என்பதைப் பலர் அறியார். மாலை மன்றங்களுக்கு வாய்ப்பவை பெரும்பாலும் பிறர் கைவிட்ட பழைய கட்டடங்களே. கூரை ஒழுகும், ஒற்றை விளக்கு மங்கலாக எரியும், சாளரம் திறவாது. 'உனக்கு இது போதும்' என்று அந்தச் சுவர்கள் பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதனை நம்பியும் விடுவர். இங்கேதான் வடிவமைப்புப் பயிலும் மாணவர்களின் தொண்டு பயன்படுகிறது.

வடிவமைப்பு என்பது யாது? அழகூட்டுதல் மட்டுமே வடிவமைப்பு என்று கருதுவோர் உளர். 1958-ஆம் ஆண்டில் சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இருவர் இந்திய அரசின் வேண்டுகோளால் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். இங்கு அவர்கள் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாகப் போற்றியது யாது தெரியுமா? நம் வீடுகளில் புழங்கும் செம்பு! எவ்வளவு நீர் கொள்ளும், கையிலும் இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு பொருந்தும், சாய்த்தால் எவ்வாறு ஒழுகும், எவ்வாறு துலக்குவது என்னும் வினாக்கள் அனைத்துக்கும் அவ்வெளிய கலம் விடையாக நின்றது. பயன்படுத்துவோரின் கையையும் வாழ்வையும் அறிந்து பொருளை அமைப்பதே வடிவமைப்பு என்பதை அச்செம்பு உணர்த்தியது. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

மாணவர்கள் ஏட்டுப்படிப்போடு நில்லாது, எளியவர்க்குக் கட்டிக்கொடுத்தே கற்கும் முறை அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் சிறந்து விளங்குகிறது. 1993-இல் சாமுவேல் மாக்பீ, டி. கே. ரூத் என்னும் பேராசிரியர் இருவர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சார்பில் 'ஊரகக் கலைக்கூடம்' ஒன்றை நிறுவினர். வறுமை மிக்க சிற்றூர்களில் மாணவர்கள் தங்கி, மக்களோடு பழகி, தாம் வரைந்ததைத் தம் கைகளாலேயே கட்டி முடித்தனர். ஆக்ரன் என்னும் சிற்றூரில் பள்ளி விட்டபின் கூடும் சிறுவர் சிறுமியர் மன்றத்துக்கும் அவர்கள் கட்டடம் அமைத்துத் தந்தனர். எளியவர்க்குச் செய்வது என்பதால் அழகிலும் உறுதியிலும் குறை வைத்தல் கூடாது என்பது மாக்பீயின் கொள்கை. அவர் 2001-இல் மறைந்தார். அக்கலைக்கூடமோ தொடர்ந்து நடைபெறுகிறது.

நம் அண்டை நாடாகிய வங்காளதேசத்தில் ருத்ராபூர் என்னும் சிற்றூர் உள்ளது. ஆன்னா ஏரிங்கர் என்னும் மாணவி தம் பட்டப்படிப்பின் இறுதித் திட்டமாக அவ்வூருக்கு ஒரு பள்ளியை வரைந்தார். 2005-இல் மண்ணாலும் வைக்கோலாலும் மூங்கிலாலும் அப்பள்ளி எழுந்தது. ஊர்த் தொழிலாளரே கட்டினர். கீழ்த்தள வகுப்பறைகளின் பின்புறத்தில் சிறுவர் நுழைந்து அமர்ந்து படிக்கக் குகை போன்ற அறைகளும் அமைந்தன. தனித்திருக்க விரும்பும் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. 2007-இல் இப்பள்ளி ஆகா கான் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றது.

இந்தியாவிலும் கபீர் வாச்பேயி என்னும் கட்டடக்கலைஞரும் அவர்தம் குழுவினரும் 'கட்டடமே கற்பிக்கும் கருவி' என்னும் முறையை உருவாக்கினர். கதவு திறக்கும் தரையிற் கோணங்களைக் குறித்தால், கதவே கணிதம் கற்பிக்கும்; சாளரக் கம்பிகளை எழுத்தின் வளைவுகளாக அமைத்தால், சிறுவர் விரல் எழுதப் பழகும். செலவோ சிறிது, பயனோ பெரிது.

இம்முறைகளைப் போடிப் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். வடிவமைப்பு மாணவர் குழு ஒன்று அடிவாரத்து மன்றம் ஒன்றைப் புதுப்பிக்க வருகிறது எனக் கொள்க. அவர்கள் முதலிற் செய்யத்தக்கது யாது? வண்ணம் வாங்குதலா? அன்று. பல நாள் மாலையில் அங்கு அமர்ந்து காணுதலே முதற்பணி. பிள்ளைகள் எப்பொழுது வருகின்றனர்? எங்கே அமர்கின்றனர்? எம்மூலையை வெறுக்கின்றனர்? பெண்பிள்ளைகள் எவ்வேளையில் எழுந்து போய்விடுகின்றனர், ஏன்? இவற்றைக் கண்டும் கேட்டும் குறித்தல் வேண்டும். வளரிளம் பருவத்தினர் கேட்பது பெரும்பாலும் எளியதாகவே இருக்கும்: எழுதுவதற்கு நல்ல வெளிச்சம், புத்தகப்பை வைக்கப் பூட்டுள்ள பெட்டி, தம்பியை உடன் கொண்டுவர ஓரிடம், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. அரைத் தாழ்ப்பாள் இல்லாமையால் அறிவுடைய ஒரு பெண் படிப்பை இழத்தல் கூடும் என்பதை உணர்ந்தவரே நல்ல வடிவமைப்பாளர்.

அடுத்து, நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அடிவாரம் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாற் பொழிய, இப்பால் வறண்ட காற்றே மிகுந்து வீசும். எனவே இங்கு வெயிலைத் தடுத்துக் காற்றைப் பக்குவமாக உள்ளே விடுதல் வேண்டும். மலைமேலோ மூடுபனியும் ஈரமும் மிகுதி; அங்குச் சுவர் பூசணம் பிடிக்கும்; நூல்கள் நனைந்து கெடும். ஒரே வரைபடம் இரண்டிடத்துக்கும் பொருந்தாது. இப்பாடத்தை நன்கு அறிந்தவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாகக் கொண்ட அவர், இடுக்கி மலைகளுள் ஒன்றாகிய வாகமண்ணிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அருகிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டுதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். செங்கல் மிச்சமாகும், வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். துளையிட்ட செங்கற் சுவர்கள் ஒளியையும் காற்றையும் வடிகட்டி உள்ளே விடும்.

மூன்றாவதாக, வேலையிற் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். அளவு எடுத்தல், பலகை இழைத்தல், சுவர் பூசுதல் ஆகியவற்றைத் தக்க காவலோடு அவர்களும் செய்யலாம். சரிவகத்தின் பரப்பைக் கரும்பலகையிற் கண்டு அஞ்சிய மாணவன், தான் அமைக்கும் அலமாரியின் பலகையில் அதனை அளந்து தெளிவான். தன் கையால் பூசிய சுவரைக் கிறுக்க அவனுக்கு மனம் வராது. பிறர் கிறுக்கவும் விடான்.

இத்தொண்டில் ஒரு பெருங்குறையும் நேர்தல் உண்டு. மாணவர் குழு வரும், சுவரில் சித்திரம் தீட்டும், நிழற்படம் எடுக்கும், பருவத்தேர்வு வந்ததும் போய்விடும். அடுத்த மழையில் கூரை மீண்டும் ஒழுகும். நம்பிக்கை கொண்ட பிள்ளைகள் இருமடங்கு ஏமாற்றம் அடைவர். ஆகையால், கட்டுவதற்கு முன்னரே, காப்பவர் யார் என்று முடிவு செய்தல் வேண்டும். உடைந்தால் உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் திருத்தத்தக்க பொருள்களையே பயன்படுத்துதல் வேண்டும். ஓராண்டு கழித்து அக்குழுவினர் திரும்பி வந்து, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று ஆராய்தல் வேண்டும். கொடுத்தவர் வந்து பார்க்கும்வரை கொடை நிறைவு பெறுவதில்லை.

மாணவர்களே! புதுப்பித்த அறை ஒன்றே வறுமையை நீக்கிவிடாது. கூலி உயர்தலும், பள்ளி சிறத்தலும், அரசின் துணையும் உடன் வேண்டும். ஆயினும், தாயின் ஜீப் வண்டி மலையிறங்கும் அவ்விரண்டு மணிப் பொழுதில், ஒளியுள்ள ஓரிடமும் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரும் இருப்பின், தேயும் இழை அறாது நிற்கும். உங்களுட் சிலர் நாளை வடிவமைப்பும் கட்டடக்கலையும் பயிலக்கூடும். பயிலாதோர்க்கும் பணி உண்டு. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது, மாலையில் இடமின்றித் திரியும் தோழன் யார் என்று கண்டு வையுங்கள். அவ்விரண்டையும் ஒன்று சேர்த்தலே மாலை மன்றத்தின் தொடக்கம்.