இறைநீதியும் தவணையும்

தீயோர் செழிப்பதும் நல்லோர் நலிவதும் உலகில் அன்றாடக் காட்சிகள். வலியவன் எளியவனின் நிலத்தைக் கவர்ந்து மாளிகை எழுப்புகிறான். பறிகொடுத்தவனோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியே முதுமை எய்துகிறான். இதனைக் காணும் உள்ளத்தில், 'இறைவன் இதனைக் காணவில்லையா?' என்னும் வினா எழுதல் இயல்பு. அவ்வினா எழுவது இறைநம்பிக்கைக்கு இழுக்காகாது. அதற்கு விடை தேடாது விடுவதே இழுக்கு.

தமிழ்ச் சான்றோரும் இதனைச் சிந்தித்தனர். வள்ளுவப் பெருந்தகை அழுக்காறாமை அதிகாரத்தில், பொறாமை கொண்டவனின் ஆக்கத்தையும் செம்மையுடையவனின் கேட்டையும் அருகருகே நிறுத்தி, இவை ஆராயத்தக்கன என்கிறார். உரையாசிரியர் பரிமேலழகர் இதற்குப் பழவினையைக் காரணமாகக் காட்டுவார். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர் துறக்கிறான். ஆயினும் கண்ணகி தன் கணவனோடு மீண்டும் கூடுவது இம்மண்ணில் அன்று. வானூர்தி ஏறி விண்ணுலகு செல்லும்போதுதான். உலகில் கிடைக்கும் நீதி முழுமையானதன்று என்பதை அக்காப்பியமும் உணர்த்துகிறது. இஸ்லாம் முற்பிறவியை ஏற்பதில்லை. ஆகவே அது பயனைப் பின்னோக்கித் தேடாமல், முன்னோக்கி மறுமையில் காட்டுகிறது. 1572ஆம் ஆண்டில் தோன்றிய 'ஆயிர மசலா' முதற்கொண்டு தமிழ் முஸ்லிம் புலவர்கள் இம்மறுமைச் செய்தியைத் தமிழில் பாடி வந்துள்ளனர்.

மக்காவில் இருவர்

இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் மக்காவில் துன்புற்றோருள் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பிலால் (ரலி). அடிமையான அவரைச் சுடுமணலில் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றி வதைத்தவன் உமையா பின் கலஃப். மற்றவர் சுமையா (ரலி). நம்பிக்கையைக் கைவிட மறுத்த அம்மூதாட்டியை அபூஜஹ்ல் கொன்றான். இஸ்லாத்திற்காக உயிர் நீத்த முதல் தியாகி என்று வரலாறு அவரைப் போற்றுகிறது.

624ஆம் ஆண்டு பத்ருக் களத்தில் உமையாவும் அபூஜஹ்லும் மாண்டனர். உமையாவின் வீழ்ச்சியைப் பிலால் கண்ணாரக் கண்டார். ஆனால் சுமையா அந்நாளைக் காணவில்லை. பத்ருக்குப் பல ஆண்டுகள் முன்னரே மக்கா மண்ணில் அவர் அடங்கிவிட்டார். இவ்வுலகமே முடிவெனின், பிலாலுக்குக் கிடைத்த நீதி சுமையாவுக்குக் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும். மேலும், ஓருயிரைக் கொன்றவனுக்கும் ஓராயிரம் உயிர்களைக் கொன்றவனுக்கும் ஓருயிர்தானே உண்டு! அதனைப் பறிப்பதால் இரு கணக்கும் எவ்வாறு ஒருங்கே தீரும்? கடுகளவு செயலும் நிறுக்கப்படும் தராசு ஒன்றைப் பற்றித் திருமறை கூறுவதன் (21:47) இன்றியமையாமை இங்கே விளங்குகிறது.

தவணை ஏன்?

அநியாயக்காரர்களின் செயலை இறைவன் கவனியாதிருக்கிறான் என எண்ண வேண்டாம், அவர்களுக்கு ஒரு நாள்வரை தவணை அளிக்கப்பட்டுள்ளது என்பது திருக்குர்ஆனின் கருத்து (14:42). குற்றந்தோறும் உடனுக்குடன் தண்டனை இறங்குமாயின் பூமியில் உயிரினம் எதுவும் எஞ்சாது என்றும் அது தெளிவுறுத்துகிறது (35:45). தவணை இன்றேல் தப்புவோர் எவருமிலர், நாமும் இலோம்.

இத்தவணையின் பயனை வரலாறு காட்டுகிறது. தாயிஃப் நகரத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கல்லெறிந்து துரத்தினர். அவர்களை மலைகளுக்கிடையே நசுக்கிவிடவா என்று வானவர் வினவியபோது, அம்மக்களின் வழித்தோன்றல்கள் இறைவனை வணங்குவர் என்ற நம்பிக்கையை வெளியிட்டு, அண்ணலார் அதனை மறுத்தார்கள். உமர் (ரலி) ஒரு காலத்தில் இஸ்லாத்தின் கடும் பகைவர். காலித் பின் வலீத் (ரலி) 625இல் உஹதுப் போரில் முஸ்லிம்களுக்குப் பேரிழப்பை விளைவித்தவர். அபூஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி), 630இல் மக்கா வெற்றி கொள்ளப்படும் வரை தந்தையின் பகையைத் தொடர்ந்தவர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, சிரியாப் போர்களில் அதற்காகவே உயிர் நீத்தார். தண்டனை விரைந்திருப்பின் இவர்களை உலகம் கொடியோர் என்றே அறிந்திருக்கும்.

தவணை எல்லார்க்கும் அருளாகிவிடுவதில்லை. ஃபிர்அவ்னும் தவணை பெற்றவனே. நீரில் மூழ்கும் வேளையில் அவன் நம்பிக்கை கொண்டதாகக் கூறினான். அது ஏற்கப்படவில்லை (10:90, 91). திருந்துவோர்க்கு வாயிலாக அமையும் காலம், திருந்தாதோர்க்குக் குற்றப் பட்டியலை நீட்டிக்கும் காலமாகிறது.

நம் கடமை

'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று கூறிக் கைகட்டி நிற்பதற்கு இந்நம்பிக்கை இடமளிக்கவில்லை. தமக்கோ பெற்றோர்க்கோ உறவினர்க்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை பணிக்கிறது (4:135). அநீதி இழைப்பவனின் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பெருமானார் விளக்கினார்கள். ஆகவே ஜமாஅத்தில் நியாயம் பேசும் பெரியவர் உறவுக்காகச் சொல்லைத் திரிப்பதும், கண்டதை அறிந்த சாட்சி அஞ்சி வாய் மூடுவதும் இறைநீதியை நம்புவோர்க்கு அடாத செயல்கள். அதே வேளை, பகைமை காரணமாகவும் நீதி தவறலாகாது என்பது கட்டளை (5:8). இறுதித் தீர்ப்பு இறைவனிடம் உண்டு என உறுதி கொண்டவன் முறையீடு செய்வான், வழக்காடுவான், போராடுவான். ஆனால் பழிவெறியால் தானே கொடியவனாக மாட்டான்.

நிறைவாக ஒன்று. இறைநீதியைப் பிறர் குற்றத்திற்கு மட்டும் வேண்டி நிற்பது மனித இயல்பு. மறுமையின் ஓட்டாண்டி யாரென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்க்கு எடுத்துரைத்தார்கள். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் வந்து, பிறரை ஏசியதற்கும் அடித்ததற்கும் அவர் பொருளை உண்டதற்கும் ஈடாகத் தன் நன்மைகள் அனைத்தையும் இழப்பவனே அவன். எளியோர் ஒருவரின் கூலியையோ நிலத்தையோ மானத்தையோ நாம் பறித்திருப்பின், அவர் காத்திருப்பதும் இதே நீதிக்காகத்தான். திருப்பிக் கொடுக்கவும் மன்னிப்புக் கேட்கவும் நமக்கு இன்று வாய்த்துள்ள நாளே நம் தவணை. அத்தவணை முடியுமுன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!